ஒட்டோபுரூனில் பிறந்த நெகிழ்நேரம்

மியூனிக் நகரை அடுத்த ஒட்டோபுரூனில் இயங்கிய பொல்கோ வானூர்தி நிறுவனம் 1967இல் நெகிழ்நேர முறையை, அதாவது வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் குறித்த எல்லைக்குள் பணியாளரே தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை, மேற்கொண்டது. தாய்மாரை வேலைக்கு ஈர்க்கவெனப் பொருளியலர் கிறிஸ்டல் கேமரர் முன்வைத்த இக்கருத்து, அங்கே வேறொரு தேவைக்குப் பயன்பட்டது என்பது வியப்புக்குரியது. பெருந்திரளானோர் ஒரே வேளையில் வந்திறங்கியதால் சாலைகளிலும் வாயில்களிலும் நாள்தோறும் நேர்ந்த நெரிசலே நிர்வாகத்தை அதன்பால் திருப்பியது. அனைவரும் கட்டாயம் பணியில் இருக்கவேண்டிய இடைப்பொழுது ‘மைய நேரம்’ எனப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வருகை பரவலாயிற்று.

1970இல் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் சுரங்க ரயில் நெரிசலைத் தணிக்கத் தொடங்கிய திட்டமோ நெகிழ்நேரமன்று, படிநேரமே. அதில் நேரத்தை முன்பின்னாக மாற்றியமைக்கும் உரிமை நிறுவனங்களிடமே இருந்தது.