ஒரு கோடு, ஒரு சுழி

சேலம் அம்மாபேட்டையில இருந்து பேசறேன். இத்தாலிய மொழியில 'பார்லோ'ன்னு ஒரு வினைச்சொல். ரெண்டு அசை: பார், லோ. 'பார்'ல அழுத்தம் விழுந்தா 'நான் பேசுகிறேன்'. 'லோ'ல விழுந்தா 'அவர் பேசினார்'. ஆளும் மாறிடுது, காலமும் மாறிடுது. எழுத்துல வித்தியாசம், கடைசி உயிர் மேல ஒரு சின்னக் கோடு மட்டும்.

1680-ல இத்தாலியில பிறந்து அந்த மொழியில வளர்ந்தவர்தான் பெஸ்கி, நம்ம வீரமாமுனிவர்.

தமிழ்ல அழுத்தம் இடம் மாறினா பொருள் மாறாது. இங்க அந்த வேலையைச் செய்யறது குறிலும் நெடிலும். 'கெடு' வினை. முதல் எழுத்தை நீட்டினா 'கேடு', பெயர்ச்சொல். 'பெறு', 'பேறு' கதையும் அதேதான். ஆனா பழைய ஓலைகள்ல இந்த ஜோடிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்கணும்கறது தொல்காப்பிய விதி. ஓலையில எழுதினவங்க அதைப் பல நேரம் விட்டுட்டாங்க. கெடுவா கேடான்னு படிக்கறவங்கதான் இடம் பார்த்து முடிவு பண்ணணும்.

விட்டுப்போற புள்ளியை வீரமாமுனிவர் நம்பல. குறிலை அப்படியே வச்சு, நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். கொம்புக்கு மேல்சுழி போட்டா 'கே'. எ-வுக்குக் கால் இழுத்தா ஏ, ஒ-வுக்குச் சுழி போட்டா ஓ. அவரோட தொன்னூல் விளக்கம் வந்தது 1730-ல.

கோடிங்ல ஒரு பிட் விட்டுப்போனா அவுட்புட்டே மாறிடும். அதே சிக்கல்தான் இது. இன்னைக்கு போன்ல 'கேட்டேன்'னு டைப் பண்றீங்க இல்லையா, அந்த ரெண்டு சுழிக்கும் கிட்டத்தட்ட 300 வயசுங்க.