தங்கத்தாளைத் தின்ற ஆக்சிஜன்

செயற்கைக்கோள் படங்களில் தங்கத்தாள் சுற்றியது போல ஓர் உறை மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது தங்கம் இல்லைங்க. பெரும்பாலும் காப்டன் என்ற பிளாஸ்டிக் படலம், பின்பக்கம் அலுமினியம் பூசியது. டூபாண்ட் நிறுவனம் 1960-களில் கொண்டு வந்தது. கடுங்குளிருக்கும் கடும் வெப்பத்துக்கும் அசையாது என்று பெயர் வாங்கியது. அந்தக் காப்டனை ஆக்சிஜன் அரித்துத் தின்னும் என்று எப்படித் தெரிய வந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

1981 ஏப்ரல் 12. கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முறையாகப் பறந்தது. அதுவரை போன செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை. ஓடமோ போனபடியே சாமான்களோடு திரும்பி வந்தது. சரக்கு அறைக் கேமராவைப் போர்த்தியிருந்த காப்டனைப் பார்த்தால், பளபளப்பெல்லாம் போய் மங்கிக் கிடந்தது. அடுத்த பயணங்களிலும் இதே கதை. ஏதோ அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். நாசாவின் லூபர்ட் லெகர் அப்படி விடவில்லை. காரணம் அணு ஆக்சிஜன்தான் என்று 1982-இல் எழுதினார்.

அது என்ன அணு ஆக்சிஜன்? நாம் சுவாசிப்பதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஜோடியாக இருக்கும். உயரே சூரியனின் புற ஊதாக் கதிர் அந்த ஜோடியைப் பிரித்துவிடும். அங்கே காற்று மிக மெலிது. அதனால் பிரிந்த அணுக்கள் மறுபடி சேர்வது அபூர்வம். சுமார் 200 முதல் 600 கி.மீ. உயரம் வரை இவைதான் அதிகம். இதற்குள் விண்கலம் வினாடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் பாய்ந்தால், ஒவ்வொரு அணுவும் சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து மோதும். கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க 3.6 போதும். பிளாஸ்டிக்கில் உள்ள கார்பன் வாயுவாக மாறிப் பறந்துவிடும்.

1983-இல் இதற்கென்றே ஒரு சோதனை. சேலஞ்சர் ஓடத்தைச் சுமார் 225 கி.மீ. உயரத்துக்கு இறக்கி, மாதிரிகளைப் பாயும் திசைக்கு எதிரே காட்டினார்கள். சுமார் 41 மணி நேரத்தில் காப்டன் ஏறக்குறைய 10 மைக்ரான் தேய்ந்தது. போர்வைப் படலத்தின் தடிமனே பல நேரம் 25 மைக்ரான்தான்!

பெரிய பாடம் தற்செயலாகக் கிடைத்தது. 1984 ஏப்ரலில் எல்டெஃப் என்ற பேருந்து அளவுக் கலத்தைப் பல வகைப் பொருள்களோடு சுற்றவிட்டார்கள். ஒரு வருடத்தில் எடுத்துவிடுவதாகத் திட்டம். 1986-இல் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ஓடங்கள் நின்றன. எல்டெஃபை எடுக்க 1990 ஜனவரி ஆகிவிட்டது. முன்பக்கத்தில் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் பல காணாமலே போயிருந்தன.

இதற்குத் தீர்வு என்ன? ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருளை ஆக்சிஜனால் மேலும் ஒன்றும் செய்ய முடியாது. இது நம்ம ஊர் ஆட்களுக்குப் புதிதில்லை. சூரமங்கலத்தில் இருந்து கிட்டத்தில் உள்ள சேலம் உருக்காலை, கொலம்பியா பறந்த அதே 1981-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே வரும் துருப்பிடிக்காத எஃகைக் காப்பாற்றுவது மேலே தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடுதான். காப்டனுக்கு அப்படித் தானாகப் படியாது. அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகளில் உள்ள காப்டன் மேல் சிலிக்கான் ஆக்சைடைப் பூசினார்கள். பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஊசித்துளி ஓட்டை இருந்தாலும் அதன் வழியே அணுக்கள் புகுந்து அடியில் குடையும் என்பதுதான் சிக்கல்.

சரி, இதனால் நமக்கு என்ன? 1988-இல் போன நமது ஐ.ஆர்.எஸ்-1ஏ சுமார் 900 கி.மீ. உயரத்தில் சுற்றியது. அங்கே இந்தத் தொல்லை குறைவு. 2019-இல் போன கார்ட்டோசாட்-3 சுமார் 509 கி.மீ. உயரத்துக்கு வந்துவிட்டது. ககன்யானுக்குத் திட்டம் சுமார் 400 கி.மீ. 2035-க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம் என்பதும் திட்டம். ககன்யான் சில நாளில் திரும்பிவிடும். நிலையமோ வருடக்கணக்கில் அந்த அணு மழையில் நிற்க வேண்டும், உள்ளே ஆட்களும் இருப்பார்கள்.

அதனால் அடுத்த முறை அந்தத் தங்கத்தாளைப் பார்க்கும்போது, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறதா என்றும் யோசித்துப் பாருங்கள்.