தேர்தலில் ஜெயித்தும் எம்.பி ஆக முடியல... அப்பாவின் பட்டத்தை உதறிய டோனி பென் யார்?

அப்பா இறந்தால் பிள்ளைக்குச் சொத்து வரும். பிரிட்டனின் டோனி பென்னுக்கு 1960 நவம்பரில் வந்தது பிரபு பட்டம். அதோடு அவருடைய எம்.பி பதவியும் போனது!

அதெப்படி?

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவது மக்களவை. பிரபுக்கள் அவையில் அப்போது பெரும்பாலும் பரம்பரைப் பட்டக்காரர்கள்தான். அன்று பிரபு ஆகிவிட்டால் மக்களவையில் உட்கார முடியாது. 'பட்டமே வேண்டாம்' என்று சொல்லவும் அன்று சட்டத்தில் வழியில்லை.

வாரிசானது எப்படி?

டோனியின் அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர். 1942-ல் ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆனார். மூத்த மகன் மைக்கேல் இரண்டாம் உலகப் போரில், 1944-ல் உயிரிழந்தார். அதனால் பட்டம் டோனி பக்கம் வந்தது. அவரோ 1950-லேயே, 25 வயதில், தொழிற்கட்சி எம்.பி ஆகிவிட்டவர்.

ஜெயித்தவர் வெளியே, தோற்றவர் உள்ளே

டோனி விடவில்லை. 1961 மே மாதம் நடந்த பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தலில் அவரே நின்றார். 13,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் தேர்தல் நீதிமன்றம், தோற்றுப்போன கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு எம்.பி பதவியைக் கொடுத்தது. இதில் வேடிக்கை, அவரும் ஒரு பிரபு பட்டத்துக்கு வரிசையில் இருந்தவர்தான்.

சட்டம் மாறியது

டோனியின் போராட்டம் தொடர்ந்தது. பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் 1963 ஜூலை 31-ல் அமலுக்கு வந்தது. அன்று மாலையே முதல் ஆளாகப் பட்டத்தைத் துறந்தார் டோனி. செயின்ட் கிளேர் விலக, ஆகஸ்ட் இடைத்தேர்தலில் மீண்டும் எம்.பி ஆனார்.

அதே சட்டத்தால் பலன் பெற்ற இன்னொருவர் எதிர்முகாமைச் சேர்ந்த ஹோம் பிரபு. அந்த அக்டோபரில் பிரதமரான அவர், பட்டத்தைத் துறந்து அலெக் டக்ளஸ்-ஹோம் ஆனார்.

பட்டம் என்ன ஆச்சு?

தொழில்நுட்பம், எரிசக்தி துறைகளின் அமைச்சராக இருந்த டோனி, 2001-ல் நாடாளுமன்றத்திலிருந்து விலகி, 2014-ல் காலமானார். அவரால் துறக்க முடிந்தது தன் ஆயுளுக்கு மட்டும்தான். பட்டம் மூத்த மகன் ஸ்டீபனுக்குப் போனது. 2021-ல் அவர் பிரபுக்கள் அவையில் உறுப்பினரானார், அப்பா போக மறுத்த அதே அவையில்!