வனத்தின் மதிப்பும் வழிச்செலவும்

ஓர் அணையைக் கட்டினால் எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். அவ்வணையினால் நீரில் மூழ்கும் பள்ளத்தாக்கிற்கு ஆண்டுதோறும் சென்று மக்கள் பெற்றுவந்த இன்பத்தின் மதிப்பு யாது என்று வினவினால், கணக்கேட்டில் அதற்கென ஓர் இடமே இராது. இடம் இல்லாத பொருளின் மதிப்பு சூன்யம் என்றே கொள்ளப்படுகிறது. அந்தச் சூன்யத்தை அகற்ற முயன்ற வரலாறு, இரண்டாவது உலகப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்க நாட்டில் தொடங்கிற்று.

தேசியப் பூங்காக்களால் விளையும் நன்மையைப் பணத்தால் அளக்க இயலுமா என்று அந்நாட்டுப் பூங்காத் துறையினர் நிபுணர் சிலரைக் கேட்டனர். இயலாது என்பதே பெரும்பாலோரின் விடை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஹோட்டலிங் என்னும் அறிஞர், 1947-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் வழி ஒன்றைக் காட்டினார்.

அதனை நம் நாட்டு உதாரணத்தால் விளக்கலாம். பம்பாய் என முன்னாளில் வழங்கிய மும்பை மாநகரின் எல்லைக்குள் போரிவிலி வனம் இருக்கிறது. அதனருகே குடியிருப்போர் காலாற நடந்தே அங்குச் செல்வர். மாதுங்காவில் வாழும் தமிழ்க் குடும்பம் மின்சார ரயிலில் செல்ல வேண்டும். புனாவாசிக்கோ செலவு இன்னும் அதிகம். வாயிலில் வாங்கும் கட்டணம் அனைவர்க்கும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொருவரும் உண்மையில் கொடுக்கும் விலை வேறு. வனத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடிட்டு, ஒவ்வொரு வளையத்திலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் வருகின்றனர், அவர்களுக்கு ஆகும் வழிச்செலவு எவ்வளவு என்று பார்த்தால், விலை ஏற ஏற வருகை எவ்வாறு குறைகிறது என்பது புலனாகும். தொலைவிலிருந்து வருபவர் கொடுக்கும் அளவை அண்மையில் இருப்பவரும் கொடுக்கச் சித்தமாக இருந்திருப்பார்; கொடுக்காமல் அவர் கையில் மிஞ்சியது எதுவோ, அதுவே அவர் அடைந்த நன்மை. அவற்றைக் கூட்டினால் வனத்தின் மதிப்பு.

பூங்காத் துறை 1949-இல் இக்கடிதத்தை அச்சிட்டதே ஒழிய, இம்முறையை மேற்கொள்ளவில்லை. அரசாங்க அலுவலகங்களில் இது புதுமையன்று! மேரியன் கிளாசன் என்பவர் 1959-இல் யோசமிட்டி முதலிய பூங்காக்களுக்கு இம்முறையைப் பொருத்திக் காட்டிய பின்னரே அது பரவலாயிற்று.

அதன் பயன் ஸ்நேக் நதியின் ஹெல்ஸ் கான்யன் விவகாரத்தில் தெரிந்தது. அங்கே அணை கட்டப்போவது அரசாங்கமா, தனியாரா என்பதே வழக்காக இருந்தது. அணை வேண்டுமா என்பதையே முதலில் ஆராய வேண்டும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜான் குருட்டில்லாவும் அவர்தம் கூட்டாளிகளும் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். மின்சாரம் உண்டாக்கும் பிற வழிகள் நாளடைவில் மலிவாகும்; இயற்கைப் பள்ளத்தாக்கை எவரும் புதிதாக உண்டாக்க இயலாது. ஆகவே, அணையைக் கைவிடுவது நியாயமாவதற்கு முதலாண்டில் அப்பள்ளத்தாக்கின் மதிப்பு எவ்வளவாக இருந்தால் போதும்? சுமார் 80,000 டாலர் என்று கணக்கு வந்தது. அங்கு வருவோர் அடையும் நன்மையோ சுமார் 9 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது. 1975-இல் இயற்றிய சட்டம் அப்பகுதியில் அணைக்கு இடமில்லாமற் செய்தது.

வழிச்செலவுக் கணக்கில் ஒரு குறை உண்டு. வருபவரை மட்டுமே அது எண்ணும். ஒருநாளும் போகாதவரும், அவ்வனம் அழியாதிருப்பதை விரும்பலாமல்லவா? 1967-இல் குருட்டில்லாவே ஒரு கட்டுரையில் இதை எடுத்துரைத்தார். இத்தகைய மதிப்பை அறிய, எவ்வளவு கொடுப்பீர் என்று மக்களையே கேட்டறியும் முறை வந்தது. 1963-இல் மெய்ன் மாநிலக் காடுகளில் ராபர்ட் டேவிஸ் இவ்வாறு கேட்டிருந்தார்.

போரிவிலி வனத்தைப் பற்றி மும்பைவாசிகளிடமும் இக்கேள்வி கேட்கப்பட்டது. 1997-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, சராசரியாக ஒரு குடும்பம் மாதம் 7 ரூபாய் 50 காசு தர இசைந்தது. சிறு தொகைதான், மாநகரின் குடும்பங்கள் அனைத்தையும் கொண்டு பெருக்கினால் அது கோடிகளாகிறது. எனினும், தர இசைவது வேறு, தரும் சக்தி வேறு. மாதம் ஐந்து ரூபாயும் மிச்சம் பிடிக்க இயலாத குடிசைவாசியின் விருப்பம் இக்கணக்கில் குறைவாகவே எடை பெறும். வனத்தினுள்ளேயே தலைமுறைகளாக வாழும் வார்லி ஆதிவாசிகளின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அவர்களுக்கு வழிச்செலவே இல்லை.