லண்டன் காவல்துறையும் தீயணைப்புப் படையும்: கடிவாளம் யார் கையில்?

வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில், ஃபாரஸ்ட் ரோடு வீதியிலுள்ள நகர மண்டபத்திலிருந்து வால்தம் ஃபாரஸ்ட் உள்ளூராட்சி மன்றம் இயங்குகிறது. ஆனால் அங்கு எத்தனை காவலர்கள் பணியாற்ற வேண்டும், எத்தனை தீயணைப்பு வண்டிகள் நிற்க வேண்டும் என்பதை அம்மன்ற உறுப்பினர்கள் தீர்மானிப்பதில்லை. அவற்றுக்கான வரவுசெலவுத் திட்டமும் முன்னுரிமைகளும் லண்டன் மேயரின் பொறுப்பில் உள்ளன.

1829 இல் தோற்றுவிக்கப்பட்ட லண்டன் பெருநகரக் காவல்துறை, 170 ஆண்டுகளுக்கு மேலாக உள்துறை அமைச்சரின் மேற்பார்வையிலேயே இருந்தது. 2000 ஆம் ஆண்டில் பெருநகரக் காவல் ஆணையம் அமைக்கப்பட்டபோதுதான் லண்டன்வாசிகளின் பிரதிநிதிகளுக்கு அதில் இடம் கிடைத்தது. 2012 ஜனவரியில் அந்த ஆணையமும் கலைக்கப்பட்டு, அதன் அதிகாரங்கள் மேயர் அலுவலகத்துக்குச் சென்றன. அதே ஆண்டு நவம்பரில், லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 41 பகுதிகளில் காவல் மற்றும் குற்றத்தடுப்பு ஆணையர்களை மக்கள் தேர்ந்தெடுத்தனர். இப்பதவிகள் 2028 இல் ஒழிக்கப்படும் என்று பிரிட்டிஷ் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது.

தீயணைப்புத் துறையின் கதை வேறு. 1986 முதல் 2000 வரை ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றத்திலிருந்தும் ஒருவர் அதன் நிர்வாக அமைப்பில் அமர்ந்திருந்தார். பின்னர் வந்த ஆணையத்தில் அந்த நேரடி இடம் இல்லாமற்போனது. 2013 இல் தீயணைப்பு நிலையங்களை மூடும் திட்டத்தை ஆணைய உறுப்பினர்கள் நிராகரித்தபோது, அன்றைய மேயர் போரிஸ் ஜான்சன் தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறைவேற்றும்படி உத்தரவிட்டார். சில உள்ளூராட்சி மன்றங்கள் உயர்நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை. 2014 ஜனவரியில் பத்து நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றுள் கிங்ஸ்லாண்ட், கிளர்க்கன்வெல் ஆகிய இரண்டும் வால்தம்ஸ்டோ அடங்கும் அதே லண்டன் சபைத் தொகுதியைச் சேர்ந்தவை. 2018 இல் ஆணையமே இல்லாது போய், தீயணைப்பு ஆணையர் மேயருக்குப் பதிலளிக்கும் முறை வந்தது.

எனினும் மேயரின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. காவல்துறை ஆணையரை உள்துறை அமைச்சரின் பரிந்துரைப்படி மன்னரே நியமிக்கிறார். யாரைக் கைது செய்வது, எங்கே படையை நிறுத்துவது என்று மேயர் கட்டளையிட முடியாது. 2024 ஆகஸ்ட் 7 அன்று வால்தம்ஸ்டோவில் தீவிர வலதுசாரிகள் கூடக்கூடும் என்ற அச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துத் திரண்டபோது, பாதுகாப்பு ஏற்பாடுகள் காவல்துறை அதிகாரிகளின் முடிவாகவே இருந்தன. ஆனால் மேயரின் நம்பிக்கையை இழந்த ஆணையர் நீடிப்பது கடினம். 2008 இல் இயன் பிளேரும், 2022 இல் கிரெசிடா டிக்கும் அவ்வாறே பதவி விலகினர்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இழுபறி புதிதல்ல. சென்னை மேயருக்குக் காவல்துறை மீது அதிகாரமில்லை. அது மாநில உள்துறையின் கீழ் உள்ளது. இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு வழங்கிய காவல்துறை அதிகாரங்கள் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அங்கு யாழ்ப்பாணத்தில் தீயணைப்புப் பிரிவை மாநகர சபையே நடத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது.

லண்டனில் மேயரைக் கண்காணிக்கும் பொறுப்பு 25 உறுப்பினர் கொண்ட லண்டன் சபையிடம் உள்ளது. அவரது வரவுசெலவுத் திட்டத்தை மாற்ற மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. வால்தம்ஸ்டோ வீடுகளுக்கு ஆண்டுதோறும் வரும் உள்ளூராட்சி வரிச் சீட்டில் மேயருக்குரிய பங்கு தனியே காட்டப்படுகிறது; அதில் பெரும்பகுதி காவல்துறைக்கே செல்கிறது.