விதியும் எறிகையும்: வலைப்பந்தாட்ட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கூடைப்பந்தாட்டத்தில் பந்தைக் கையிற் கொண்ட எவரும் களத்தின் எவ்விடத்திலிருந்தும் வளையத்தை நோக்கி எறியலாம். வலைப்பந்தாட்டத்திலோ எழுவருள் இருவருக்கே அவ்வுரிமை உண்டு, அவர்களும் 4.9 மீற்றர் ஆரையுடைய அரைவட்டத்துள் நின்றே எறிதல் வேண்டும். இரண்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றே, 3.05 மீற்றர். ஒரே மூலத்திற் பிறந்த இவ்விரு ஆட்டங்களும் எறிபவரின் தெரிவை இத்துணை வேறுபடுத்தியமைக்கான காரணத்தை மைதானத்துக்கு வெளியிலேயே தேட வேண்டியுள்ளது.

1891இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்சிமித் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். அடுத்த ஆண்டு சிமித் கல்லூரியில் செண்டா பெரென்சன் அதனை மாணவியர்க்கேற்ப மாற்றத் தொடங்கினார். களம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்குள் நிற்க வேண்டியவராயினர். பந்தைப் பறித்தலும் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருத்தலும் தடுக்கப்பட்டன. மிகையான ஓட்டம் பெண்ணுடலுக்கு ஊறு என்ற அக்கால மத்தியதர வர்க்கக் கருத்து இவ்விதிகளின் அடியில் இருந்தது. (அதே ஆண்டுகளில் ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் கொழுந்துக் கூடை சுமந்து ஏறியிறங்கிய பெண்களைப் பற்றி இக்கவலை எழவில்லை என்பது வேறு கதை.)

இங்கிலாந்தில் 1901இல் விதிகள் தொகுக்கப்பட்டன. பந்தைத் தட்டிச் செல்லலும் வளையத்தின் பின்பலகையும் இவ்வாட்டத்தில் இல்லாது போயின. பேரரசின் பாடசாலைகள் வழியே பரவிய இவ்வாட்டத்துக்குப் பொதுவான சர்வதேச விதிகள் 1960இல் இலங்கையில் கூடிய மாநாட்டில் வகுக்கப்பட்டன என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. 1963இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியில் இலங்கையும் ஆடியது.

பலகை இல்லாதபோது பக்கவாட்டில் மோதவிட்டு வளையத்துள் வீழ்த்தும் வழி இல்லை. தூரத்துக்கு மிகைப்புள்ளியும் இல்லை. எனவே அறிவுடைய எறிகை அண்மை எறிகையே. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டம் இதற்குச் சான்று. 208 சென்ரிமீற்றர் உயரமான அவர் வளையத்தருகே நின்று, உயர்த்தி வீசப்படும் பந்தைப் பற்றி எறிந்து, 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் முதலிடம் பெற்றார்.

கூடைப்பந்தாட்டம் எதிர்த்திசையிற் சென்றது. 1984இல் சர்வதேச விதிகளில் மூன்றுபுள்ளிக் கோடு நுழைந்தது. உள்ளே 50 வீதம் வெற்றி பெறுபவருக்கு வெளியே 33⅓ வீதம் ஈடாகும். 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் ஆட்டத்தில் உள்ளெறிகைக்கு ஒன்று, வெளியெறிகைக்கு இரண்டு புள்ளிகள். அங்கு 25 வீதமே போதும். எறியும் அவகாசமும் 12 வினாடிதான். ஆகவே அங்கே தூர எறிகையைத் துணிச்சல் என்பதிலும் கணக்கு என்பதே பொருந்தும்.

இக்கணக்கை 2020இல் அவுஸ்திரேலிய வலைப்பந்தாட்டத் தொடர் தனதாக்கிக்கொண்டது. ஒவ்வொரு காற்பகுதியின் இறுதி ஐந்து நிமிடங்களில், அரைவட்டத்தின் வெளிப்புற 1.9 மீற்றர் பட்டையிலிருந்து எறிந்த கோலுக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்டன. அண்மையில் 90 வீதம் வெற்றி பெறுபவரைவிட, தூரத்தில் 46 வீதம் பெறுபவர் அந்த ஐந்து நிமிடங்களில் அணிக்குப் பயன்மிக்கவரானார். போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது இவ்விதி அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்காக வளையத்தடியில் நிற்கப் பயின்ற உயர்ந்த வீராங்கனையர், அச்சில வாரங்களுள் பின்னோக்கி நடக்கப் பழக வேண்டியவராயினர்.