பழைய பிக்கப்பில் பெரிய டயர்: மாற்ற வேண்டிய பல்சக்கரம் எது?

புக்கிட் பாஞ்சாங்கில் கிராஞ்சி விரைவுச்சாலையும் புக்கிட் தீமா விரைவுச்சாலையும் சந்திக்கின்றன. சுங்கை காடுட் பட்டறைகளுக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் பிக்கப்புகளை அங்கு எந்நேரமும் பார்க்கலாம். பாலத்துக்கு அப்பால், ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களிலும் அதே வண்டிகள்தாம். இரு கரையிலும் பழைய பிக்கப் வைத்திருப்போர் பலருக்குப் பெரிய டயர் மாட்டும் ஆசை உண்டு. மாட்டிய பிறகு வண்டி ஏன் இழுக்க மறுக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

28 அங்குல விட்டமுள்ள டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறக்குறைய 2.23 மீட்டர் நகரும். 31 அங்குல டயர் 2.47 மீட்டர் நகர்த்தும். ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கூடுதல் தூரத்தைத் தள்ள வேண்டியது அதே பழைய இன்ஜின்தான். சக்கரத்தில் கிடைக்கும் இழுவை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மேட்டில் நின்று கிளம்பும்போது கிளட்ச் சூடேறும். பாரம் ஏற்றினால் ஐந்தாவது கியர் பெயருக்குத்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்யும் இடம் கியர்பாக்ஸ் அல்ல, பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல். அதற்குள் பினியன் என்ற சிறு பல்சக்கரம் கிரவுன் வீல் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.10. டயர் பெரிதாகும் அளவுக்கு இந்த எண்ணையும் உயர்த்த வேண்டும். 4.10ஐ 31ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 4.54 வரும். 41க்கு 9 பல் உள்ள சோடி 4.56 தரும், அதுவே பொருத்தம். எண் கூடினால் இழுவை கூடும், ஒவ்வொரு கியரிலும் எட்டும் வேகம் குறையும். ‘உயர்ந்த கியர்’, ‘தாழ்ந்த கியர்’ என்று பட்டறையில் சொன்னால் ஆளுக்கு ஆள் வேறு பொருள் கொள்வார்கள். பல் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

வண்டியில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது? டொயோட்டா போன்ற வண்டிகளில் தகட்டிலுள்ள அச்சுக் குறியீடு அதைச் சொல்லும். ஆனால் கைமாறி வந்த பழைய வண்டியில் தகட்டை நம்ப முடியாது. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் அச்சைத் தாங்கிகளில் உயர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறதோ, அதுவே விகிதம்.

கிரவுனையும் பினியனையும் எப்போதும் சோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில் இருக்கும். பற்களில் வண்ணப்பசை தடவி, அது எங்கே பதிகிறது என்று பார்த்துப் பொருத்துவார்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் ‘ஆயிற்று’ என்று சாவியை நீட்டும் பட்டறையில் வேலை கொடுக்காமல் இருப்பதே மேல். கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் கேட்கும், பிறகு பல் உடையும். ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பின் டிஃபரென்ஷியல் முழுத் தொகுதியாகக் கழன்று வரும். ஹாஃப்-கட் கடையில் சரியான விகிதத்தில் ஒன்று கிடைத்தால் வேலை எளிது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி என்றால் முன் அச்சிலும் அதே விகிதம் வேண்டும். இல்லையேல், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

வேகமானி இன்னொரு சங்கதி. 31 அங்குல டயரை மட்டும் மாட்டி ஓட்டினால், முள் 70 காட்டும்போது வண்டி உண்மையில் 77 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் இலகுரகச் சரக்கு வாகனத்தின் உச்சவரம்பே 70தான். பழைய வண்டிகள் பலவற்றில் வேகமானியின் கேபிள் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வருவதால், டிஃபரென்ஷியல் விகிதத்தைச் சரியாக மாற்றினால் முள்ளும் தானாகவே சரியாகிவிடும்.

சரியாகாதது பிரேக். டயர் பெரிதானால், அதே மிதிக்கு நிறுத்தும் விசை குறையும். எந்தப் பல்சக்கரத்தை மாற்றினாலும் அது திரும்பி வராது. பின்னால் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். பலருக்கு இது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, கூடவே கூடாதவை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பிரித்து வைத்துள்ளது. காசு கொடுக்கும் முன்பே ஆணையத்திடம் கேட்டுவிட வேண்டும். இங்கு சரக்கு வாகனத்தின் ஆயுள் வரம்பு 20 ஆண்டு. பத்து ஆண்டு கடந்து, சிஓஇ புதுப்பித்து ஓடும் பிக்கப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும் என்பதால், ஒளித்து ஓட்டுவதும் நடவாது.

மழைக்காலச் செம்மண் பாதையில் பழக்குலை ஏற்றும் தோட்டத்து வண்டிக்குப் பெரிய டயரும் 4.56 விகிதமும் உண்மையிலேயே உதவும். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு டயரே போதும். மிச்சமாகும் பணத்தில் பிரேக் லைனிங்கையும் கிளட்ச்சையும் மாற்றிக்கொள்ளலாம்.